ஏட்டுக் கல்வியும் கைப்பயிற்சியும்: விநியோகச் சங்கிலி மேலாண்மை பயிலும் நம் பட்டதாரிகளுக்கு

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

     

வெள்ளி விழா மேடையில் உயர்கல்வி பற்றிப் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். உயர்கல்வி என்பது பெருங்கடல். அதில் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்துறையிலும் ஒரு செய்தியை மட்டும் சொல்ல விழைகிறோம். துறை, விநியோகச் சங்கிலி மேலாண்மை. செய்தி, அதனைக் கையால் செய்து கற்க நம் பட்டதாரி மாணவர்க்கு வாய்க்கும் வழிகள்.

இத்துறையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் உதவி பெற்று எம்.பி.ஏ. வகுப்பில் சேரும் பிள்ளைகளுள் இதனைச் சிறப்புப் பாடமாக எடுப்போர் ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றனர். ஆனால் அவர்தம் பெற்றோரை, "பிள்ளை என்ன படிக்கிறது?" என்று வினவினால், "ஏதோ லாரி சம்பந்தப்பட்ட படிப்பாம் சார்" என்கின்றனர். இரண்டாண்டுக் காலம் கடன் வாங்கிச் செலவிடும் பெற்றோர்க்குப் பிள்ளை படிப்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டாவா?

'சப்ளை செயின் மேலாண்மை' என்னும் தொடர் பழமையானதன்று. 1982ஆம் ஆண்டில் கீத் ஆலிவர் என்னும் ஆங்கிலேய ஆலோசகர் அதனை முதன்முதல் பொதுவழக்கிற்குக் கொணர்ந்தார் என்பர். பெயர்தான் புதிது, பொருள் நம் உலைப்பானை அளவிற்குப் பழையது. தஞ்சை மாவட்டத்து வயலில் விளைந்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்திற்கு வருகிறது. அங்கிருந்து அரவை ஆலைக்கும், ஆலையினின்று நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிற்கும், கிடங்கினின்று நியாயவிலைக் கடைக்கும், கடையினின்று நம் வீட்டிற்கும் வந்து சேர்கிறது. பொருள் ஒரு திசையில் நகர, பணம் எதிர்த்திசையில் நகர்கிறது. எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருக்கிறது, எப்போது வரும் என்னும் செய்தி இரு திசைகளிலும் நகர்கிறது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று முட்டாமல் நடத்துங் கலையே இப்படிப்பு. கார்த் தொழிற்சாலையாயினும் மருந்துக் கிடங்காயினும் கணக்கு இதுவே.

இச்சங்கிலியில் நம்மவர் இன்று நேற்று வந்தவரல்லர். இதன் எல்லாக் கண்ணிகளிலும் நம்மவர் இருந்திருக்கின்றனர்; ஆனால் எல்லாவிடத்தும் அடியில் இருந்திருக்கின்றனர். நாற்று நட்டவர், களம் கூட்டியவர், கொக்கி கொண்டு மூட்டை தூக்கியவர், லாரியின் மேல் நின்று அடுக்கியவர் எவர்? கிடங்கின் வாசலில் சிந்திய தானியத்தை முறத்தால் புடைத்தெடுத்த தாய்மார் எவர்? இவ்வவையிலேயே அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். மூட்டை எங்கே போகவேண்டும், எத்தனை போகவேண்டும் என்று தீர்மானிக்கும் மேசைக்கு மட்டும் நம்மவர் போனதில்லை. இன்று அந்த மேசைக்குரிய படிப்பை நம் பிள்ளைகள் படிக்கின்றனர். இம்மாற்றம் சிறியதன்று.

ஆகவேதான் ஒரு தடையைப் பற்றி முதலிலேயே பேசவேண்டியுள்ளது. பயிற்சிக்காகக் கிடங்கிற்குப் போ என்று மாணவனிடம் சொன்னால் அவன் முகம் சுருங்குகிறது. தந்தைக்கோ கோபமே வருகிறது. "நான் முதுகில் சுமந்தது போதாதா? இவனும் அங்கேயே போய் நிற்பதற்கா படிக்க வைத்தேன்?" என்று ஒரு தந்தையார் நம்மிடம் கேட்டார். அக்கேள்வி நியாயமானது, அதனை எள்ளி நகையாட எவர்க்கும் உரிமையில்லை. மூட்டையின் கீழ் முதுகை வளைத்தவர்க்கே அதன் எடை தெரியும். எனினும் அந்தத் தந்தையார்க்கு நாம் சொன்ன விடை இது: ஐயா, தாங்கள் கிடங்கிற்குள் போனது வேறு வழியின்மையால், பிள்ளை போவது அக்கிடங்கை அளந்து பார்ப்பதற்கு. மருத்துவம் படிக்கும் பிள்ளை நோயாளியைத் தொடமாட்டேன் என்றால் மருத்துவனாவானா? கிடங்கைக் காணாமல் கிடங்கிற்குத் திட்டம் தீட்டுபவன் சொல்லை அங்குள்ள காவலாளியும் மதியான்.

நிற்க. இத்துறையில் கைப்பயிற்சி என்பது யாது? தச்சனுக்கு உளி உண்டு. கம்மியனுக்கு உலை உண்டு. இவர்களுக்கு எதனைக் கையால் தொட்டுக் கற்பது? ஓர் உண்மை வரலாற்றைச் சொன்னால் விளங்கும்.

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் என்றொரு பெரும் கல்விக்கூடம் உள்ளது, சுருக்கமாக எம்.ஐ.டி. என்பர். அங்கே கணிப்பொறி அமைக்கும் பணியில் பெயர் பெற்ற ஜே ஃபாரஸ்டர் என்னும் பொறியாளர் 1956ஆம் ஆண்டில் மேலாண்மைப் பள்ளிக்கு ஆசிரியராக மாறினார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் தம் சிக்கலொன்றை அவரிடம் கூறினர். கென்டகி மாநிலத்தில் வீட்டு உபயோகப் பொருள்கள் செய்யும் அவர்தம் ஆலைகளில் சில காலம் மூன்று முறைமாற்று வேலை நடக்கும். சில ஆண்டுகளில் பாதித் தொழிலாளர் வேலையிழந்து வீட்டில் இருப்பர். நாட்டுப் பொருளாதாரத்தின் ஏற்றத்தாழ்வே காரணம் என்று அதிகாரிகள் கருதினர். ஃபாரஸ்டர் காகிதமும் எழுதுகோலும் கொண்டு வாரம் வாரமாகக் கணக்கிட்டார். கடையில் விற்பனை மாறாதிருப்பினும், ஆளெடுப்பதிலும் இருப்பு வைப்பதிலும் அவர்கள் கையாண்ட விதிகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கப் போதுமானவை என்று கண்டார். தோழர்களே, கடைசிக் கண்ணியில் உள்ளவன் வேலையிழக்க அவன் குறையும் காரணமன்று. வாடிக்கையாளர் குறையும் காரணமன்று. நடுவிலுள்ள மேசையில் எழுதப்பட்ட எண்ணே காரணமாகலாம் என்பது இதனால் பெறப்படுகிறது. அந்த மேசையில் நாளை அமரவிருக்கும் நம் பிள்ளைகள் இதனைப் பாடமாக மட்டுமன்றி, பாடாகவும் அறிதல் வேண்டும்.

இந்த உண்மையைக் கற்பிக்க ஃபாரஸ்டரின் குழுவினர் 1960ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பலகை ஆட்டத்தை அமைத்தனர். பெயர் 'பீர் ஆட்டம்'. பெயரைக் கேட்டு நம் தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா. ஆட்டத்தில் ஒரு சொட்டும் இல்லை. உலகின் மேலாண்மைப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் இதனை ஆடுகின்றனர். நாம் இதனை அரிசி ஆட்டம் என மாற்றிக்கொண்டு, கடந்த கோடை விடுமுறையில் நம் படிப்பகத்திலேயே ஆடினோம். செலவு, ஒரு படி புளியங்கொட்டையும் நாலு தாள் அட்டையும்.

நான்கு பேர் வரிசையாக அமர்வர்: கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர். ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 12 மூட்டை இருப்பு. ஒருவரோடொருவர் பேசுதல் கூடாது. தமக்கு வேண்டுவதைத் துண்டுச் சீட்டில் எழுதி மேலே உள்ளவருக்கு அனுப்பலாம், அவ்வளவே. சீட்டுப் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரங்கள் ஆகும். கையில் தங்கும் மூட்டை ஒவ்வொன்றுக்கும் வாரத்திற்கு 50 காசு செலவு; கேட்டவர்க்குக் கொடுக்க முடியாமற்போன மூட்டைக்கு ஒரு ரூபாய் நட்டம். வாடிக்கையாளர் கேட்பது எவ்வளவு என்பது கடைக்காரர் ஒருவருக்கே தெரியும். முதல் நான்கு வாரம் அவர் கேட்பது நான்கு மூட்டை. ஐந்தாம் வாரம் எட்டாகிறது. அதன்பின் இறுதிவரை எட்டேதான்.

நான்கு எட்டாவது பெரிய புரட்சியா? இல்லை. ஆனால் நடந்தது என்ன? கடைக்காரராக அமர்ந்த மாணவர் பயந்து 12 கேட்டார். மொத்த வியாபாரி 20 கேட்டார். விநியோகஸ்தர் 30. ஆலைக்காரர் ஐம்பதைத் தாண்டினார். சரக்கு வரத் தாமதமாகத் தாமதமாக மேலும் மேலும் சீட்டு எழுதினர். பின்னர் எல்லாம் ஒருசேர வந்து இறங்கின. ஆலைக்காரர் முன் புளியங்கொட்டை மலையாகக் குவிந்தது. அதன்பின் பல வாரம் ஆலைக்கு ஒரு சீட்டும் வரவில்லை. கென்டகித் தொழிலாளி வேலையிழந்தது இவ்வாறுதான். ஆட்டம் முடிந்தபின், வாடிக்கையாளர் எப்படிக் கேட்டிருப்பார் எனப் படம் வரையச் சொன்னோம். மூவரும் கடலலைபோல் வரைந்தனர். ஒரே ஒரு படிக்கட்டுத்தான் என்று காட்டியபோது நம்ப மறுத்தனர். எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்விலும், ஆடிய குழுக்களின் சராசரிச் செலவு ஆகக்கூடிய குறைந்த செலவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தது. நம் பிள்ளைகள் மட்டும் தடுமாறினர் என எண்ணற்க.

அன்று வாசற்படியில் அமர்ந்து வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தார், கிடங்கில் சுமைப்பணி செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர். நடுவில் அவர் பொறுக்கமாட்டாமல், "ஏம்ப்பா, முந்தி கேட்ட மூட்டைதான் வழியில வந்துக்கிட்டு இருக்கே, அதை யாரும் கணக்குல சேர்க்க மாட்டீங்களா?" என்றார். "பேசக் கூடாது பெரியப்பா, ஆட்டம் கெட்டுப்போகும்" என்று அவரை அடக்கிவிட்டனர். ஸ்டெர்மனின் ஆய்வு முடிவும் அதுவே! வழியில் உள்ள சரக்கை மறந்துவிட்டுக் கையிருப்பை மட்டும் பார்த்து மனிதர் சீட்டு எழுதுகின்றனர் என்பதே அவர் கண்டது. லாரி வருகைக்காக வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர்க்கு அது புத்தகமின்றியே தெரிந்திருக்கிறது.

ஆகவே இளைஞர்களே, கிடங்கிற்குச் செல்லுங்கால் அங்குள்ள நம் பெரியோரை முதல் ஆசிரியராகக் கொள்ளுங்கள். மூட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கினால் அடுக்குச் சாயாது என்பதும், கடைசியாக இறக்க வேண்டியதை லாரியில் முதலில் ஏற்ற வேண்டும் என்பதும், தரையில் கட்டை பரப்பாமல் அடுக்கினால் அடி மூட்டை ஈரம் குடிக்கும் என்பதும் அவர்கள் அறிந்த பாடங்கள்.

இனி, நிறுவனத்துள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதெனக் கொள்வோம். அங்கே சென்று யாது செய்வது? பலர் ஆறு வாரமும் அலுவலக நாற்காலியில் அமர்ந்து, மேலாளர் தந்த விளம்பரத் தாளைப் பார்த்து எழுதி வந்துவிடுகின்றனர். ஒரு கைக்கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கிடங்கின் வாசலில் நின்று, ஒவ்வொரு லாரியும் உள்ளே வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எழுதுங்கள். மணிக்கு 8 லாரி வருகிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 3 மணி நேரம் உள்ளே தங்குகிறது எனின், எந்நேரமும் சராசரியாக 24 லாரி உள்ளே நிற்கும். 1961இல் ஜான் லிட்டில் என்பார் நிறுவிய விதி இது. பெருக்கல் வாய்பாடு தெரிந்தவர்க்குப் போதும். தங்கும் நேரத்தை 2 மணியாகக் குறைத்தால் 16 லாரிதான் நிற்கும். அவ்வளவு இடம் மிச்சம், அவ்வளவு ஓட்டுநர் பசியோடு காத்திருப்பதும் மிச்சம். அந்த மூன்று மணி நேரம் எங்கே போகிறது? எடைமேடையிலா, பில் போடும் சன்னலிலா, இறக்குவதற்கு ஆளில்லாமையாலா? அதனைக் கண்டறிந்து இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் மேலாளர் உங்களை அடுத்த ஆண்டும் நினைவில் வைத்திருப்பார். நூறு பக்க அறிக்கையை அவர் புரட்டவும் மாட்டார்.

நல்ல பாடசாலை தேடித் தொலைதூரம் போகவேண்டியதுமில்லை. 1994ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் மருந்தை வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் கொடுத்து, அதில் குறித்த தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளச் செய்யும் முறை அதனுடையது. பிற மாநிலங்களும் பின்பற்ற முன்வந்த முறை இது. காலாவதி நாள் முந்தியதை முதலில் அனுப்புவது எவ்வாறு, எந்த மருந்து தீருமுன் எத்தனை நாள் முன்பாகக் கேட்கவேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு இத்தகைய கிடங்குகளில் உயிருள்ள விடை கிடைக்கும். இங்கே கணக்குத் தவறினால் நட்டப்படுவது பணம் மட்டுமன்று. ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் நிற்கும் நம் தாய்மார் மருந்தின்றித் திரும்புவர். முறைப்படி விண்ணப்பித்து, கல்லூரியின் கடிதத்துடன் அனுமதி கேட்பது மாணவரின் கடமை.

இவ்விடத்தில் மனம் கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஊர்களில் கல்லூரிக்கு அண்மையிலுள்ள நகலகங்களில் 'ப்ராஜெக்ட்' என்னும் பயிற்சி அறிக்கை விலைக்குக் கிடைக்கிறது. அட்டையில் பெயரை மாற்றிக் கட்டித் தருகின்றனர். அவ்வாறு வாங்கிய ஓர் அறிக்கை நம் பார்வைக்கு வந்தது. அட்டையில் ஒரு மாணவரின் பெயர். உள்ளே நன்றியுரையில் வேறொரு பெயர்! நேர்முகத் தேர்வில், "நீர் பார்த்த கிடங்கில் எத்தனை வாயில்?" என்று ஒரே கேள்வி கேட்டால் அந்த மாணவர் என்ன சொல்வார்? உறவினர் நடத்தும் கம்பெனி உள்ளவனுக்கு இந்தக் கள்ளத்தால் பெரிய இழப்பில்லை. அவன் வேறு வழியில் கற்றுக்கொள்வான். நம் பிள்ளைக்கு அந்த ஆறு எட்டு வாரமே கதவு. அதனைத் தானே அடைத்துக்கொள்வது பேதைமை.

எனினும் மாணவரை மட்டும் கடிந்து பயனில்லை. அவர் ஏன் வாங்கினார்? சென்னைக்கருகில் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களிலும், துறைமுகங்களைச் சார்ந்தும் பயிற்சிக்கு இடம் உண்டு. ஆனால் பல இடங்களில் உதவித்தொகை இல்லை. அறை வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றை இரண்டு மாதத்திற்கு எங்கிருந்து கொடுப்பது? விடுமுறையில் வேலை செய்து வீட்டிற்குக் கொடுக்க வேண்டிய பிள்ளை, பணம் கட்டிப் பயிற்சிக்குப் போகுமா? பெண் பிள்ளையாயின், "எங்கே தங்குவாய், யார் துணை?" என்னும் கேள்வியும் சேர்கிறது. உள்ளே கூட்டிச் செல்ல ஒருவர் இல்லை. எம்.ஐ.டி.யில் 1988இல் தொடங்கிய ஒரு முதுகலைத் திட்டத்தில் மாணவர் ஆறு மாத காலம் கூட்டு நிறுவனத்தின் ஆலையிலேயே பயிலுமாறு ஏற்பாடு செய்துள்ளனர். கல்விக்கூடமே இடந்தேடித் தருகிறது. நம்மவர்க்கு இடம் தேடுவதே பாதிப் படிப்பாகிவிடுகிறது.

இக்குறையை அன்றே கண்டவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த அவர் 1942ஆம் ஆண்டில் அரசுக்கு அளித்த கோரிக்கை மனுவில் கல்லூரி உதவித்தொகையோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைத் தொழில் பயிலுநராகச் சேர்க்கவேண்டும் என்றும் கேட்டார். மேடைதோறும் அவர் படத்திற்கு மாலையிடும் நாம் இந்தக் கோரிக்கையைப் பேசுவது குறைவு.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் தொடக்கத்தில் கைத்தொழில் பயில்வோர்க்காக எழுந்தது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளும், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் அதனுள் வந்தனர். ஆகவே பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளையும் பழகுநராகச் சேர்ந்து, விதிப்படியான உதவித்தொகை பெற்று, ஓராண்டு வேலை கற்கலாம். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தப்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். பட்டதாரிப் பழகுநர்களுக்கான தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. பயிற்சி முடிந்தால் அதே இடத்தில் வேலை நிச்சயம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சட்டம் அவ்வாறு உறுதி கூறவில்லை. ஓராண்டு அனுபவமும் சான்றிதழும் கிடைக்கும். முதுகலையில் சேருமுன் அதனை முடித்தவர்க்கு வகுப்பில் ஆசிரியர் பேசுவது ஒவ்வொன்றும் கண்முன் தோன்றும்.

ஏட்டறிவுக்கும் பணம் தடையன்று. எம்.ஐ.டி. இத்துறைப் பாடங்களை இணையவழியே திறந்து வைக்க முன்வந்தது. சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. ஆங்கிலம் கடினமாயிருப்பின் நால்வர் கூடி அமர்ந்து கேளுங்கள். அகராதி நம் படிப்பகத்தில் இருக்கிறது. தூசி தட்ட ஆள்தான் வேண்டும்.

இனி, சங்கத்திற்கு நம் வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் கல்விக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் உதவி வந்துள்ளோம். வெள்ளி விழா நிதியில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கால உதவி எனத் தனியே ஒதுக்கவேண்டும். கோடைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்க்கு இரண்டு மாத அறை வாடகையும் பேருந்துச் செலவும் அதனின்று தரப்படல் வேண்டும். நிதி குறைவாயின் முதலில் மாணவியர்க்குத் தருக. அவர்கள் தங்குதற்குச் சென்னையில் குடியிருக்கும் நம் உறுப்பினர் இல்லங்கள் சிலவற்றையேனும் பெரியம்மா வீடு, அத்தை வீடு போலத் திறந்து வைக்க வேண்டும். துறைமுகத்திலும், இரயில்வேயிலும், உணவுக் கழகத்திலும், ஆவினிலும், தனியார் நிறுவனங்களிலும் பணிபுரியும் உறுப்பினர்கள் இவ்வவையில் உள்ளனர். தாங்கள் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. எந்த அலுவலரிடம், எந்த மாதத்தில், எப்படி விண்ணப்பிப்பது என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி தெரியாமலேயே நம் பிள்ளைகள் காலங்கடந்து விண்ணப்பித்து நிற்கின்றனர்.

பயிற்சி முடித்துத் திரும்பும் ஒவ்வொரு மாணவரும் படிப்பகத்தில் ஒரு மாலைப்பொழுது, தாம் கண்டதைப் பெற்றோர் முன்னிலையில் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வையுங்கள். கேள்வி கேட்கப் பெரியவர்கள் வருவார்கள். மேலே சொன்ன வாசற்படிப் பெரியவர் கட்டாயம் வருவார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அரிசி ஆட்டம் மீண்டும் நடைபெறும். எட்டுப் பேருக்கு இடமுண்டு. இரண்டு பலகைகள் ஆயத்தம் செய்துள்ளோம். இம்முறை ஒரு பலகையில் பேசாமலும், மறு பலகையில் வாடிக்கையாளர் கேட்பது நால்வர்க்கும் தெரியுமாறும் ஆடி, இரண்டின் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். புளியங்கொட்டை நாம் கொண்டு வருகிறோம்.